அண்ணன் அட்டை

மார்ச் பிறந்து பத்து நாளாகியும் ஏரியோரக் கோம்பேரே கரையில் ஒரு சொட்டு மழை இல்லை. தினமும் மூன்று மணிக்கு ஏரியின் அக்கரையில் கறுக்கும், இடிக்கும், அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்தப் பக்கம் வெறுங்காற்றுதான் மிச்சம். சோளம் விதைக்கக் காத்திருந்தவர்கள் வானத்தை வைதுகொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தவர்கள் ஒமேனா காயப்போடும் பெண்கள் மட்டும்தான். சுண்டுவிரல் நீளம் வராத அந்தப் பொடிமீன் ஒரே வெயிலில் காய்ந்தால் நல்ல விலைக்குப் போகும். நடுவில் ஒரு தூறல் போட்டால் கோழித்தீவனத்துக்குத்தான் ஆகும்.

நஞ்சாலா பழைய வலையை மணலில் விரித்து மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் இந்த ஊர்க்காரி இல்லை. வடக்கே புங்கோமா பக்கம், புக்குசு இனத்துப் பெண். லுவோக்காரனான ஒபூயாவைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மீன் வாடை பழகிவிட்டது, லுவோ பேச்சும் பழகிவிட்டது. பக்கத்தில் மீன் பரப்பும் அசேவேயின் வாய்தான் இன்னும் பழகவில்லை.

"ஏ புக்குசுக்காரி, சனிக்கிழமை பஸ் ஏறப்போறியாமே?" என்றாள் அசேவே.

"யாருக்கா சொன்னா?"

"ஒன் வீட்டு மூட்டை சொல்லுச்சு. ரெண்டு நாளா கட்டிவச்ச மேனிக்கு வாசல்ல உக்காந்திருக்காம்ல."

"ஆத்தா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரக்கூடாதா?"

"போ, போ. ஒரு எட்டுப் போறவ சட்டிபானையையுமா சேத்துக் கட்டுவா?"

நஞ்சாலா குனிந்து மீனைக் கிளறினாள். அசேவே விடுகிற ஆள் இல்லை.

"நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. ஆம்பளை ஏழு மாசமா கிட்ட வரலேன்னா காரணம் ரெண்டுதான். ஒண்ணு, வேற அடுப்பு பத்தவைக்கப் போறான். இல்லேன்னா விறகே நமுத்துப்போச்சு."

மற்ற பெண்கள் தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஏழு மாதக் கதை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நஞ்சாலா யோசிக்கவில்லை. சுவர் மண், கூரை தகரம், நடுவில் இருப்பது ஊர்.

வேற அடுப்பு என்று அசேவே சொன்னது அகூமுவை. ஒபூயாவின் அண்ணன் மிடிவோவின் மனைவி. மிடிவோ போன ஆகஸ்டில் படகு கவிழ்ந்து ஏரியோடு போனான். அண்ணன் செத்தால் அவன் மனைவியையும் வீட்டையும் தம்பி ஏற்க வேண்டும். அதற்கப்புறம்தான் விதவை விதை போடலாம், ஒழுகுகிற கூரையைத் தொடலாம், அடுத்த வீட்டு வாசலை மிதிக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் அவள் தலையை மழித்தாக வேண்டும். அகூமு ஏழு மாதமாக மழிக்க விடவில்லை. கத்தியோடு வந்த கிழவிகளை இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டாள். கதவையும் சாத்துவதில்லை. கொழுந்தனைப் பிடிக்காமல் செய்கிறாள் என்றார்கள் சிலர். பிடித்துப்போய்ப் பிகு பண்ணுகிறாள் என்றார்கள் சிலர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

நஞ்சாலாவுக்கும் சந்தேகம் இருந்தது. ராத்திரி ஒபூயா அவள் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, திறந்து கிடக்கும் அந்த வீட்டுப் பக்கம் காதை வைத்திருப்பான். தொட்டால் நகர்ந்துவிடுவான். புருஷன் அடித்தால் ஊரைக் கூட்டலாம். தொடவில்லை என்று யாரைக் கூட்டுவது?

பைக் சத்தம் கேட்டது. புழுதிக்குள்ளிருந்து ஒதேரா இறங்கினார். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கரையில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். இப்போது கிசுமு டவுனில் நடக்கும் ஆராய்ச்சியில் வேலை. லுவோ ஆண்கள் வழிவழியாக ஆண்குறியின் நுனித்தோலை வெட்டிக்கொள்ளாதவர்கள். வெட்டிக்கொண்டால் பால்வினை நோய் குறைகிறதா, படுக்கையில் உணர்ச்சி கூடுகிறதா, குறைகிறதா என்று டாக்டர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சேர்ந்த வாலிபர்களில் பாதிப் பேருக்கு உடனே வெட்டு, மீதிப் பேர் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எல்லோரும் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கிறவர்களில் ஒதேரா ஒருவர். வராதவனைத் தேடி வெயிலில் அலைகிறவரும் அவர்தான்.

"வாத்தியாரே, இன்னிக்கு யாரோடதை அளக்க வந்தீக?" என்றாள் அசேவே.

"அளக்கிறதில்லம்மா, கேக்குறது மட்டுந்தான்."

"அவனுகள்ட்ட கேட்டா நெசமா சொல்லப்போறானுக? எங்கள்ட்ட கேளுங்க. ஆளுக்கு ஒரு நோட்டு நெறையச் சொல்லுதோம்."

ஒதேராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒபூயான்னு ஒருத்தர், இந்தக் கரைதான். இன்னும் வெட்டாத ஆளு. போன மாசம் வர வேண்டிய முறைக்கு வரல" என்றார்.

நஞ்சாலா நிமிர்ந்தாள். "அந்தா, படகுகிட்ட உக்காந்து கிழிஞ்ச வலை பொத்துதாரே, அவர்தான். என் வீட்டுக்காரர்." வெட்டாத ஆள் என்றது அவளுக்கு இடித்தது. வெட்டிக்கொண்டு வந்து பத்து நாள் கால் அகட்டி நடந்தவனுக்கு உப்புத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான்.

ஒதேரா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "அது மிடிவோல்ல?"

கரையில் ஒரு கை அசையவில்லை.

"வெயில்ல நின்னுக்கிட்டு செத்தவன் பேரைச் சொல்லாதீக வாத்தியாரே" என்றாள் அசேவே. அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "மிடிவோ ஏரியில போயி ஏழு மாசமாச்சு."

"செத்துட்டானா? என்னம்மா சொல்ற? போன மாசம் எங்கிட்ட வந்து பதில் சொல்லிட்டுப் போனானே."

ஒரு பெண் மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நஞ்சாலா புருஷனைப் பார்த்தாள். ஒபூயா எழுந்து நின்றிருந்தான். வலை பொத்தும் ஊசி அவன் உள்ளங்கையில் பாதி இறங்கியிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வழியாகச் சொட்டியது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஒதேரா, ஒபூயா, நஞ்சாலா மூன்று பேரும் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலுக்குப் போனார்கள்.

"இது தனியாப் பேசுற விஷயம்மா" என்றார் ஒதேரா.

"ஏழு மாசமா தனித்தனியாத்தான் கெடக்கோம் வாத்தியாரே. இதையாவது சேந்து கேக்கோம்" என்று சொல்லி நஞ்சாலா மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஊசியைப் பிடுங்கி, தோள்துணியில் ஒரு முனையைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். அவன் முகம் சுளிக்கவில்லை.

"சொல்லு. நீ யாரு?" என்றார் ஒதேரா.

"ஒபூயா."

"அப்ப ஒன்றரை வருசமா மிடிவோன்னு எங்கிட்ட பதில் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

ஒதேரா தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒபூயா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். அவனுக்குப் பேச்சு எப்போதும் சிக்கிய வலை மாதிரி, ஒவ்வொரு கண்ணாகத்தான் வரும்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சேந்தோம். சீட்டு எடுத்தோம். அண்ணனுக்கு 'இப்ப'ன்னு வந்துச்சு. எனக்கு 'ரெண்டு வருசம் கழிச்சு'. மூணாம் நாள் அண்ணனை வரச் சொன்னாக. துணைக்கு நான் போனேன். வாசல்ல கரும்பு வாங்கித் தின்னுக்கிட்டு நிக்கோம், அண்ணன் உள்ள வரமாட்டேங்கான். ஆளுயரத்துக்கு அலை வந்தா சிரிக்கிற மனுசன் வாத்தியாரே. 'தம்பி, கத்தின்னா எனக்கு ஆகாதுடா'ங்கான். எனக்கோ எப்படா வெட்டுவாகன்னு இருக்கு. 'ஒரு வயித்துல பொறந்தவங்க, சீட்டு மாறினா குடியா முழுகிடும்? அட்டையைக் குடுண்ணே'ன்னேன். கரும்பைக் கையில வச்ச மேனிக்கே மாத்திக்கிட்டோம். அட்டையில பேரும் நம்பரும்தான இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே சாடை. அன்னையிலேருந்து அங்க நான் மிடிவோ, அவன் ஒபூயா."

"குடி முழுகாதாம்!" ஒதேராவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சீட்டை மாத்தக்கூடாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேனே. அந்தச் சீட்டுதான்டா மொத்த ஆராய்ச்சியும். வேணுங்கிறவன் எடுத்துக்கிட்டு, வேணாங்கிறவன் தள்ளிவிட்டா, அப்புறம் கத்தி செஞ்சது எது, ஆசை செஞ்சது எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்? அப்படி என்னடா அவசரம் உனக்கு?"

 பதில் நஞ்சாலாவுக்குத் தெரியும்.

பெண் கேட்டு அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று விருந்து. புக்குசு வீடுகளில் வெட்டிக்கொள்ளாதவன் எத்தனை வயதானாலும் சின்னப் பையன்தான். பெரியவர்களுக்குப் பாயில் கோழிக்கறியும் உகாலிக் களியும் வைத்தார்கள். அவளுடைய அண்ணன் சிட்டுமா, ஒபூயாவின் தோளில் கையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய், வேலியோரம் பிள்ளைகள் பந்தியில் உட்காரவைத்தான். 'மாப்ள, நீங்க இங்கன. ஈரல் ஆம்பளைகளுக்குத்தான்' என்றான். வீடே சிரித்தது. நஞ்சாலாவும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது ஒபூயா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன் சொன்ன ஒத்தைச் சொல்லுக்கா?" என்றாள் இப்போது.

"உங்கண்ணன் சொன்னா சொல்லிட்டுப் போறான்" என்றான் ஒபூயா. அவ்வளவுதான் சொன்னான். அன்று தான் சிரித்ததை நினைத்து அவளுக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது.

ஒதேரா பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் புரட்டினார். "இங்க பாரு. ஆறாவது மாசம், முன்னைவிட நல்லாருக்குன்னு சொல்லியிருக்க. பன்னெண்டாவது மாசம், அதே மாதிரி நல்லாருக்குன்ன. போன மாசம் வந்து, ஒண்ணுமே தெரியல, மரக்கட்டை மாதிரி இருக்குங்கிற. நான் எழுதிட்டேன். இதைப் படிக்கிற டாக்டர் என்ன நெனைப்பார்? வெட்டினதாலதான் மரத்துப்போச்சுன்னு நெனைப்பார். ஒருத்தன் கூடுதல்ங்கான், ஒருத்தன் குறைச்சல்ங்கான், முக்காவாசிப் பேரு அப்படியேதான் இருக்குங்கான். ஒவ்வொருத்தன் சொல்லும் எனக்கு முக்கியம். நெசத்தைச் சொல்லு. வெட்டுனதுதான் காரணமா?"

"வெட்டு காரணமில்ல வாத்தியாரே."

"பின்ன என்ன காரணம்? நானா?" என்றாள் நஞ்சாலா.

"நீ இல்ல."

"மதினியா?"

"சீ." முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "அவுக என் அண்ணன் பொண்டாட்டி. அந்த வீட்டு வாசலைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

அப்புறம் சொன்னான்.

மிடிவோ போன அன்று ஒபூயா படகில் இல்லை. அன்று அவனுக்கு ஆஸ்பத்திரி முறை. மதியம் அடித்த காற்றில் படகு கவிழ்ந்து, மிடிவோ ஆகாயத்தாமரைப் படுகைக்கு அடியில் போய்விட்டான். ஐந்து நாள் தேடினார்கள். படகு கிடைத்தது, துடுப்பு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்கு யாகோ மரத்துக் காயைப் புதைப்பது வழக்கம். முழங்கை நீளத்துக்குக் கனமாகத் தொங்கும் காய். அதைச் செத்தவனின் சட்டையில் சுற்றி, கரைக்குக் கொண்டுபோய், குடும்பத்துப் பெரியவர் தண்ணீரில் நின்று மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். செத்தவன் ஓசையில்லாமல் வந்து காய்க்குள் இறங்குவான். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது. நஞ்சாலாவும் அன்று மருமக்கள் வரிசையில் கடைசியில் நின்றாள். காற்று பேயாக அடித்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது.

"என்னைக் கோரைக்குள்ள படகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாக" என்றான் ஒபூயா. "பெரியப்பா முழங்கால் தண்ணியில நின்னு கூப்பிடுதார். 'மிடிவோ, வாடா, வீட்டுக்குப் போவோம்.' ஒரு தரம். ரெண்டு தரம். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. மூணாவது தரம் 'மிடிவோ'ன்னார். நான் 'இருக்கேன்'னுட்டேன்."

நஞ்சாலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருசமா அந்தப் பேருக்குப் பதில் சொல்லிப் பழகுன வாய் வாத்தியாரே. பெஞ்சில உக்காந்திருக்கையில நர்ஸம்மா கூப்பிடுவாக, 'மிடிவோ'. 'இருக்கேன்'னு எந்திரிப்பேன். அஞ்சு நாளைக்கு முன்னகூட அப்படித்தான் எந்திரிச்சேன். அந்த வாய் தானாச் சொல்லிருச்சு."

"பெரியவர் கேட்டாரா?" என்றார் ஒதேரா.

"அவருக்குக் காது மந்தம். காத்து வேற. யாரும் கேக்கல. ஆனா கேக்க வேண்டியவன் கேட்டிருப்பான்ல? அண்ணன் வந்துருப்பான். காய்க்குள்ள எறங்க வந்துருப்பான். எடத்துல ஆள் இருக்குன்னு திரும்பிப் போயிருப்பான். அவனுக்கு வெட்டுன குழிக்குள்ள காயோட போனது நான்தான். அன்னைக்கு ராத்திரி சட்டியிலேருந்து உகாலியை அள்ளுதேன், சுடல. தூண்டில் முள்ளு ஏறுது, தெரியல. இவ கை வைக்கா..." அவன் நிறுத்திக்கொண்டான். "இவ கை வைக்கது தெரியுது. ஆனா யார் மேலயோ வைக்கிற மாதிரி இருக்கு."

நஞ்சாலாவுக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருந்தது. கொதிக்கிற களியை வெறுங்கையால் அள்ளித் தின்றவனை, அண்ணன் செத்த வெறியில் செய்கிறான் என்று நினைத்தாள். ஏழு மாதம் பக்கத்தில் படுத்திருந்தும், அவன் எங்கே கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அழுகை வந்தது. பயமும் வந்தது. கட்டுப்போட்ட அவன் கையை அவள் விடவில்லை.

ஒதேரா காகிதத்தை மடித்தார். அவர் படித்தவர். சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை. அவரும் ஏரிக்கரையில் பிறந்தவர்தானே.

"என் தாள்ல கூடுதல், குறைவு, அதே மாதிரின்னு மூணு கட்டம்தான் இருக்கு" என்றார். "இதை நான் எதுல போட?" கையை நீட்டினார். "அட்டையைக் குடு. நடந்ததை நடந்த மாதிரி எழுதிக் குடுத்துர்றேன். ரெண்டு பேரையும் கணக்குலேருந்து எடுத்துருவாங்க. என்னையும் நாலு கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும்."

மிடிவோ என்று எழுதிய அட்டையை ஒபூயா மடித்து மடித்து வைத்திருந்தான். ஓரமெல்லாம் மீனெண்ணெய். ஒதேரா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பைக்கை மிதிக்கும்போது, "ஒரு தடவை கூப்பிட்டது தப்பாப் போனா இன்னொரு தடவை கூப்பிடக்கூடாதுன்னு எங்கயும் சொல்லலையே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதையேதான் நஞ்சாலாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். "வா, பெரியப்பாகிட்டச் சொல்லுவோம். திரும்பக் கூப்பிடட்டும். நீ ஊருக்குள்ள இரு. வேணும்னா ஒன் வாயை நானே பொத்திக்கிடுதேன்."

"மதினி சம்மதிக்காமக் கூப்பிட முடியாது. செத்தவன் பொண்டாட்டி வந்து நிக்கணும்."

"அப்ப மதினிகிட்டப் போவோம்."

"நஞ்சாலா..."

"இப்பப் போகலேன்னா நான் சனிக்கிழமை பஸ் ஏறிருவேன். நெசமாத்தான் சொல்லுதேன். செத்தவனோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

இருவரும் சரிவில் ஏறினார்கள். அன்று மேகம் அக்கரையில் நிற்காமல் ஏரியின் நடுவுக்கு வந்திருந்தது. காற்றில் ஈரம் அடித்தது. பின்னால் அசேவே, "ஏ புக்குசுக்காரி, மழை வருதுடீ, மீனை யாரு அள்ளுவா?" என்று கத்தியது கேட்டது. நஞ்சாலா திரும்பவில்லை.

அகூமு வீட்டுக்குள் உட்கார்ந்து போன வருஷத்துச் சோளத்தை உதிர்த்துக்கொண்டிருந்தாள். கதவு விரியத் திறந்து, காற்றில் அடிக்காமல் கல் கொடுத்திருந்தது. சுவரோரம் ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. தலைமுடி ஏழு மாதத்தில் அடர்ந்து, சீப்புப் படாமல் நின்றது. இவர்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன, புருசனும் பொண்டாட்டியுமா சேந்து வாரீக? பெரிய மாமா அனுப்புனாராக்கும். போய்ச் சொல்லுங்க, பதில் அதேதான். மழை ஒழுகுனா ஒழுகட்டும். நான் மழிக்கப்போறதில்ல, யாரும் என் வீட்டை ஏத்துக்கவும் வேண்டாம்."

"அதுக்கு வரல மதினி" என்றான் ஒபூயா. உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்றான்.

அவன் சொன்னான். படகு நிழலில் சொன்னதைவிடச் சுருக்கமாகவே சொன்னான். சீட்டு, கரும்பு, அட்டை, கோரை, மூன்றாவது தரம். சோளம் உதிர்க்கிற சத்தம் எந்த இடத்தில் நின்றது என்று நஞ்சாலா கவனிக்கவில்லை.

"இருக்கேன்னு சொன்னது..." என்றாள் அகூமு.

"நான்தான் மதினி."

"கோரைக்குள்ள நின்னு."

"ஆமா."

"சொல்லிக்காட்டு."

"மதினி..."

"எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லிக்காட்டுன்னு சொல்லுதேன்ல."

ஒபூயா நஞ்சாலாவைப் பார்த்தான்.  அவன் ஏரிப் பக்கம் திரும்பி, "இருக்கேன்" என்றான்.

அகூமு கண்ணை மூடிக்கொண்டாள். "அதே கொரல்தான்" என்றாள். பிறகு யாரிடமோ சொல்கிற மாதிரிப் பேசினாள். "நான்தான முன்னால நின்னேன். எனக்குக் கேட்டுச்சு. தண்ணிப் பக்கமிருந்து வந்துச்சு. பின்னால திரும்பிப் பாத்தேன், ஒருத்தர் மூஞ்சியிலயும் ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்குன்னு நெனச்சேன். எம் புருசன் எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போறார், இருக்கேன், எங்கயோ கரை ஏறிட்டேன், வந்துருவேன்னு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்பீக. ஏழு மாசம் அந்த ஒத்தைச் சொல்லை வச்சுத்தான் நான் சோறு தின்னேன்."

ஒபூயா வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "மதினி, எனக்குத் தெரியாது. சத்தியமா யாரும் கேக்கலேன்னுதான் நெனச்சேன்."

"நீ என்ன செய்வ? பேரைக் கூப்பிட்டா யாரா இருந்தாலும் பதில் சொல்லத்தான் செய்வான்." அவள் எழுந்து அந்த மூடிய தட்டைத் திறந்தாள். ஒரு துண்டு வறுத்த மீனும் காலையில் வைத்த களியும் இருந்தன. அதை அப்படியே கோழிக்குக் கொட்டினாள். கொட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் அவள் முகம் கோணியது. புதைத்த அன்றுகூட அழாதவள் என்று ஊர் பேசிய பெண், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நஞ்சாலா அவளைத் தாங்கிக்கொண்டாள். இந்தப் பெண்ணைத்தானே ஏழு மாதமாக மனசுக்குள் வைதுகொண்டிருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் அகூமு மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாளைக்குக் கூப்பிடச் சொல்லு. நான் வாரேன்" என்றாள். "அதுக்கு முன்ன இதை மழிச்சுரு."

"நானா? நான் வேத்து இனத்தவ அக்கா. கிழவிகளைக் கூட்டிட்டு வாரேன்."

"அவளுக வந்தா பேசுவாளுக. நீ பேசமாட்ட. கத்தி அந்த எறவாணத்துலதான் இருக்கு, அவர் கத்திதான்."

முற்றத்தில் முக்காலி போட்டு அகூமுவை உட்காரவைத்தாள். ஒபூயா தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் முழந்தாளிட்டான். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கீழே கரையில் பெண்கள் வலைகளைச் சுருட்டிக்கொண்டு கூச்சலிட்டார்கள். நஞ்சாலா சோப்பைக் குழைத்து, அகூமுவின் தலையில் தடவி, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். முடி கொத்துக் கொத்தாக வந்தது. தோல் வெளுப்பாக, குழந்தைத் தலை மாதிரி தெரிந்தது. அகூமு கண்ணைத் திறந்தபடி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதோரத்தில் மழிக்கும்போது ஒரு கொத்து முடி நழுவி, கிண்ணத்தைத் தாண்டி ஒபூயாவின் முன்கையில் விழுந்தது. நஞ்சாலா துடைக்கப்போனாள், கை நின்றுவிட்டது. அவன் முன்கை கூசிச் சிலிர்த்துக்கொண்டது. தோல் புள்ளி புள்ளியாக எழும்பி, ரோமம் குத்திட்டு நின்றது. தண்ணீர் தளும்பியது. ஊசி குத்தியது தெரியாத கைக்கு, முடி விழுந்தது தெரிந்துவிட்டது.

ஒபூயாவும் பார்த்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது சந்தோஷமா, பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் நெஞ்சில் இருந்தது சந்தோஷம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில், இந்தப் பெண்ணின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு, அது வந்திருக்கக் கூடாது.

"என்னா, நிறுத்திட்ட?" என்றாள் அகூமு.

"ஒண்ணுமில்லக்கா."

கையை உதறினால் மதினி திரும்பிப் பார்த்துவிடுவாள் என்று ஒபூயா முடி கூசுவதைப் பொறுத்துக்கொண்டு, கிண்ணத்தை ஆடாமல் பிடித்திருந்தான். நஞ்சாலா கத்தியைத் தண்ணீரில் நனைத்து, மீதித் தலையை மழித்தாள்.